மதில்மேல் உட்கார்ந்திருக்கும் பிள்ளைகள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இரண்டு வாரங்களுக்கு முன் உங்கள் வாசகர் கடிதம் பகுதியில் ஒரு பெரியவர் எழுதியிருந்ததைப் படித்தேன். ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடக்கும்போது ஏழாம், எட்டாம் வகுப்புப் பையன்கள் கோயிலுக்குள் (சர்ச்சைத்தான் நாங்கள் கோயில் என்போம்) வராமல் மதில்மேல் உட்கார்ந்து கைப்பேசி பார்க்கிறார்கள், வளர்ப்பு சரியில்லை, சபையார் கண்டிக்க வேண்டும் என்று வருத்தப்பட்டிருந்தார். அவர் சொன்ன மதில் எனக்குத் தெரியும். எங்கள் கோயிலிலும் ஒன்று உண்டு, வேப்பமரத்து நிழல் விழுகிற பக்கம். பல வருஷமாக என் ஞாயிற்றுக்கிழமை அந்த மதிலுக்கும் கோயில் வாசலுக்கும் நடுவில்தான் போகிறது. அதனால் எழுதுகிறேன். கொஞ்சம் நீளமாகப் போனால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் தையல்காரி. தூத்துக்குடி மாவட்டத்தில் சாத்தான்குளம் பக்கம், தேரிக்காடு என்கிற செம்மணல் மேட்டை ஒட்டிய ஊர். சி.எஸ்.ஐ. சபை, அதாவது தென்னிந்தியத் திருச்சபை. எங்கள் பக்கத்தில் போதகரை ஐயர் என்றும், அவர் மனைவியை ஐயரம்மா என்றும்தான் சொல்வோம். 2012 மே மாதம் விடுமுறை வேதாகமப் பள்ளிக்கு ஆள் குறைகிறது, வந்து உதவி செய் என்று அப்போதிருந்த ஐயரம்மா கூப்பிட்டார்கள். பத்து நாள் போய் வரலாம் என்று போனேன். பத்து நாளும் ஒன்றைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். சின்னப் பிள்ளைகளுக்கு அபிநயப் பாட்டும் வண்ணம் தீட்டுவதும் இருந்தது. காலேஜ் படிக்கும் வாலிபர்கள் மைக் பிடித்தார்கள், நாடகம் போட்டார்கள். நடுவில் இருந்த பன்னிரண்டு, பதிமூன்று வயதுப் பிள்ளைகளுக்கு மட்டும் வேலையும் இல்லை, இடமும் இல்லை. மீசை அரும்புகிற பையனைக் கை தட்டி ஆடிப் பாடு என்றால் எப்படிப் பாடுவான்? வாலிபர் ஐக்கியத்துக்குப் போனால் அவனை நாற்காலி தூக்கிப் போடச் சொல்வார்கள். அப்புறம் போய் மதில்மேல் உட்காராமல் என்ன செய்வான்?

அந்த வருஷம் ஜூன் மாதம் ஐயரிடம் கேட்டு, ஏழாம் வகுப்பு முதல் பத்தாம் வகுப்பு வரை உள்ளவர்களுக்கென்று தனியாக ஒரு வகுப்பு தொடங்கினோம். காலை ஆராதனை முடிந்ததும் பத்தரை மணிக்கு, கோயிலை ஒட்டிய ஹாலில். முதல் வாரம் வந்தது நாலு பேர். இப்போது பதினேழு பேர்.

என் தொழிலில் இந்த வயது தனி வயது. கிறிஸ்துமஸுக்குத் தைத்த கவுன் ஈஸ்டருக்குள் கைக்குழியில் பிடிக்க ஆரம்பித்துவிடும். அதனால் ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கு என்றால், அம்மாமார் சொல்லாமலே பக்கத் தையலுக்குள் ஒன்றரை இஞ்சும் கீழ் மடிப்பில் மூன்று இஞ்சும் துணி விட்டுத்தான் தைப்பேன். பிரித்து விட்டுக்கொள்ளலாம். அளவு எடுக்க வரும்போது போன வருஷம் கையை விரித்து நின்ற பெண்பிள்ளை, இந்த வருஷம் தோளைக் குறுக்கிக்கொண்டு நிற்கும். வாய் ஓயாமல் பேசிய பிள்ளை 'ம்' என்று மட்டும் சொல்லும். டேப்பின் ஒரு நுனியை அது கையிலேயே கொடுத்து, "நீயே பிடிம்மா, நான் நம்பர் மட்டும் பாத்துக்கிடுதேன்" என்றால்தான் இறுக்கம் கொஞ்சம் தளரும். இதைத் தையல் மிஷின் பக்கத்தில் தெரிந்துகொண்டேன். வேதபாட வகுப்பிலும் அதையேதான் செய்கிறேன்.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். காலை ஏழு மணிக்கு டீ குடித்துவிட்டு வந்த பிள்ளை பத்தரை மணிக்கு எந்த வசனத்தையும் கேட்காது. சிறுபயறு அவித்து, தேங்காய் துருவிப் போட்டு, கருப்பட்டி தட்டிக் கலந்து ஒரு சட்டியில் கொண்டு போவேன். தை, மாசியில் பனங்கிழங்கு. கிழங்கை உரித்து, நார் இழுத்து, நடுக்குருத்தை எடுத்துப் போட்டுத் தின்கிற அந்தப் பத்து நிமிஷத்தில்தான் அவர்கள் வாரம் முழுவதும் என்ன நடந்தது என்று பேசுவார்கள். கை வேலையாக இருக்கும்போது வாய் திறக்கும். அந்த நேரத்தில் நான் எதையும் கேட்பதில்லை. நானும் ஒரு கிழங்கை உரித்துக்கொண்டிருப்பேன்.

2023இல் மதிலில் ஒரு பையன் இருந்தான். அப்போது ஏழாம் வகுப்பு. மற்றவர்கள் பயறுக்காகவாவது இறங்கி வந்துவிடுவார்கள், இவன் வர மாட்டான். ஒரு ஞாயிறு நான் சட்டியோடு போய் மதில் ஓரத்தில் நின்று, அன்றைய கதையை அங்கேயே சொன்னேன். அப்போஸ்தலர் நடபடிகள் 20ஆம் அதிகாரம். துரோவா பட்டணத்தில் இயேசுவின் அப்போஸ்தலர் பவுல் நடுராத்திரி வரை பிரசங்கம் செய்கிறார். ஐத்திகு என்கிற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கிறான். தூக்கம் சொக்கி, மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்து, 'மரித்தவனாய் எடுக்கப்பட்டான்' என்று இருக்கிறது. இதைச் சொன்னதும் அவன் கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கினான்.

"மெத்தையில இருந்து விழுந்தா எப்படி டீச்சர் சாவான்? மெத்தை என்ன, இவ்வளவு ஒசரந்தானே இருக்கும்?"

மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. அது நியாயமான கேள்வி. அவனுக்கு மெத்தை என்றால் பஞ்சு மெத்தை. என் ஆச்சி மாடி வீட்டை 'மெத்தை வீடு' என்றுதான் சொல்வாள். அந்தச் சொல் அவன் காது வரைக்கும் வரவில்லை. நாங்கள் கோயிலில் வாசிக்கும் வேதாகமம் 19ஆம் நூற்றாண்டில் மொழிபெயர்த்தது. இவன் படிப்பதோ எல்.கே.ஜி.யிலிருந்து ஆங்கில வழி. மூன்றாம் மாடி என்று சொன்னதும், "அப்ப சரி" என்று தலையாட்டினான். பிறகு அவனே கேட்டான்: "அவன் ஏன் உள்ள உக்காராம ஜன்னல்ல உக்காந்தான்?"

அதற்கு என்னிடம் பதில் இல்லை. வேதத்தில் அதைப் பற்றி ஒன்றும் இல்லை. "நீ ஏன் மதில்ல உக்காந்திருக்க?" என்று மட்டும் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து மெதுவாகச் சொன்னான்: "உள்ள வந்தா வாசிக்கச் சொல்லுவீங்க. எனக்குத் தமிழ் வாசிக்க வராது."

ஐயா, உங்கள் வாசகர் பார்த்த கைப்பேசிக்குப் பின்னால் இதுவும் இருக்கலாம். எங்கள் ஊர்ப் பிள்ளைகள் பேசுவது தமிழ், வாட்ஸ்அப்பில் எழுதுவது ஆங்கில எழுத்தில் தமிழ், பரீட்சை எழுதுவது ஆங்கிலத்தில். சபையார் முன்னால் வேதாகமத்தைக் கையில் கொடுத்தால் எழுத்துக்கூட்டித்தான் வாசிப்பார்கள். சபையில் இரண்டு பேர் திரும்பிப் பார்த்துச் சிரித்தால் போதும், அடுத்த ஞாயிறு அந்தப் பிள்ளை வராது. ஒரு முறை ஒரு பெண்பிள்ளை 'உன் இளமையைக்குறித்து ஒருவனும் உன்னை அசட்டைபண்ணாதபடிக்கு' என்கிற வசனத்தை வாசித்துவிட்டு, "அசட்டைன்னா சட்டை போடாம இருக்கிறதா?" என்று என்னைக் கேட்டது. தையல்காரியைப் பார்த்துக் கேட்கிற கேள்விதான். தீமோத்தேயு என்கிற இளம் ஊழியருக்குப் பவுல் எழுதியது யாரும் உன்னைச் சின்னப் பையன் என்று இளப்பமாக நினைக்க இடம் கொடுக்காதே என்பது. அந்த வசனம் இந்தப் பிள்ளைகளுக்கென்றே எழுதினது மாதிரி இருக்கிறது. அவர்களுக்குத்தான் அது புரியவில்லை.

அதிலிருந்து ஒரு வழக்கம் வைத்திருக்கிறோம். வாசிக்க வேண்டிய பகுதியை முந்தின வாரமே கொடுத்துவிடுவேன். சாயங்காலம் கடைக்கு வந்தால், நான் மிஷின் மிதிக்க மிதிக்க, பக்கத்து ஸ்டூலில் உட்கார்ந்து வாசித்துப் பழகலாம். பழைய சொல் வந்தால் நிறுத்துவோம். ஞாயிறு பள்ளி உலகத்தில் வேரூன்றியதே எழுத்துச் சொல்லிக்கொடுப்பதற்குத்தான். 1780இல் இங்கிலாந்தில் குளோஸ்டர் நகரத்தில் ராபர்ட் ரெய்க்ஸ் தொடங்கியபோது, வாரத்தில் ஆறு நாளும் வேலைக்குப் போகிற ஏழைப் பிள்ளைகளுக்கு ஞாயிறு ஒருநாள்தான் ஓய்வு. அந்த ஒருநாளில்தான் எழுத்தும் வேதமும் சேர்த்துச் சொல்லிக்கொடுத்தார்கள். 245 வருஷம் கழித்து தேரிக்காட்டு ஊரில் ஒரு தையல் கடையில் அதே வேலையைச் செய்கிறேன் என்று நினைக்கும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது.

ஆனால் அந்த ஞாயிறே இப்போது பிள்ளைகள் கையில் இல்லை. இதை நான் கோபத்தோடுதான் எழுதுகிறேன். ஒன்பதாம் வகுப்பு வந்ததும் டியூஷன் ஞாயிற்றுக்கிழமைக்கு வந்துவிடுகிறது. காலை எட்டு மணி முதல் பன்னிரண்டு வரை. பத்தாம் வகுப்பு என்றால் சில பள்ளிகளிலேயே சிறப்பு வகுப்பு. திங்கள் முதல் சனி வரை காலை ஏழு மணி வேனுக்கு நிற்கிற பிள்ளை, ஞாயிறும் அதே பையைத் தூக்கிக்கொண்டு போகிறது. இது கிறிஸ்தவப் பிள்ளைகளுக்காக மட்டும் கேட்பது இல்லை. என் கடைக்கு வருகிற இந்து வீட்டுப் பிள்ளை ஒன்றுக்கு அம்மா வீட்டில் இருக்கிற ஒரே நாள் ஞாயிறு. அந்த ஒரு நாளும் டியூஷனில் போகிறது. பள்ளி நடத்துகிறவர்களும் டியூஷன் நடத்துகிறவர்களும் உங்கள் நாளிதழைப் படிப்பவர்கள்தான். ஞாயிறு பகல் பன்னிரண்டு மணி வரை பிள்ளைகளை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். அரைநாளில் ஒரு மார்க்கும் குறைந்துவிடாது. பெற்றோரும் அதைக் கேட்டு வாங்க வேண்டும். நான் ஒரு வீட்டில் போய்க் கேட்டபோது, "டியூஷனுக்குப் பணம் கட்டியிருக்கு டீச்சர், கோயிலுக்குக் கட்டலையே" என்றார்கள். அந்தப் பதிலை இன்னும் மறக்க முடியவில்லை.

வகுப்பில் என்ன நடக்கிறது என்று கேட்பீர்கள். பாட்டு ஒன்று, வாசிப்பு, கதை, அப்புறம் டப்பா. டப்பா என்றால் பழைய ஹார்லிக்ஸ் டப்பா, மூடியில் கத்தியால் ஒரு கீறல். பிளவுஸ் மாதிரி வெட்ட வைத்திருக்கும் பழுப்புக் காகிதத்தைத் துண்டு போட்டுக் கொடுப்பேன். பதினேழு பேரும் எழுதிப் போட வேண்டும். கேள்வி இல்லாதவர்கள் ஒரு கோடு கிழித்தாவது போட வேண்டும். எல்லாரும் எழுதினால்தான் யார் கேட்டது என்று தெரியாமல் இருக்கும். கையெழுத்தைக் கண்டுபிடிக்க நான் முயற்சி செய்ய மாட்டேன் என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். இங்கே எழுதுகிற இரண்டு சீட்டையும் பிள்ளைகளிடம் கேட்டு, ஆள் தெரியாதபடி மாற்றித்தான் எழுதுகிறேன்.

"அப்பா குடிச்சிட்டு வாராவ. நான் தினமும் ஜெபம் பண்ணுதேன். ஏன் நிக்கல?"

அன்றைக்கு எனக்குக் கை நடுங்கியது. ஜெபம் பண்ணு, கர்த்தர் கேட்பார் என்று ஒரு வார்த்தையில் முடித்துவிடலாம். அந்தப் பிள்ளை அதைத்தான் செய்துகொண்டிருக்கிறது. அதனால் வேறு எதுவும் சொல்லவில்லை. "இது யாரு எழுதினதா இருந்தாலும் சரி, உன் ஜெபம் பத்தலைன்னு நெனைக்காத. அப்பா குடிக்கிறதுக்கு நீ காரணம் இல்ல" என்று மட்டும் சொன்னேன். அடுத்த வாரம் ஐயரம்மாவும் நானும் வீடு சந்திக்கப் போனோம். ஒரு வீட்டுக்கு மட்டும் போனால் ஊர் பேசும், பிள்ளைக்கும் அடி விழும். அதனால் அத்தனை பிள்ளைகள் வீட்டுக்கும் போனோம். மூன்று சனிக்கிழமை ஆனது. அந்த அப்பா இன்றைக்கும் நிறுத்தவில்லை. ஆனால் ராத்திரி எத்தனை மணியானாலும் ஐயரம்மா வீட்டுக் கதவைத் தட்டலாம் என்று இப்போது அந்தப் பிள்ளைக்குத் தெரியும். ஒரு தடவை தட்டியும் இருக்கிறது.

இன்னொரு சீட்டு: "ஃப்ரெண்டு வீட்டுக் கோயில் கொடைக்குப் போய்ப் பொங்கச்சோறு சாப்பிட்டேன். பாவமா? அவ நரகத்துக்குப் போவாளா?" கொடை என்றால் எங்கள் பக்கத்து இந்துக் கோயில் திருவிழா. இதற்கு நானே பதில் சொல்லத் துணியவில்லை. ஐயரைக் கூட்டி வந்தேன். அவர் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, நல்ல சமாரியன் கதையை எடுத்து, அடிபட்டுக் கிடந்தவனைப் பார்த்தும் விலகிப் போனவர்கள் யார், தூக்கிக் காயம் கட்டினவன் யார் என்று பிள்ளைகளையே சொல்ல வைத்தார். யார் எங்கே போவார் என்று தீர்ப்பு எழுதுகிற வேலையை ஆண்டவர் நம்மிடம் கொடுக்கவில்லை, சிநேகிதியோடு சிநேகமாய் இருக்கிற வேலையைக் கொடுத்திருக்கிறார் என்றார். அரை மணி நேரத்துக்கு ஒரு பிள்ளையும் எழுந்திருக்கவில்லை. இயேசு பன்னிரண்டு வயதில் தேவாலயத்தில் போதகர் நடுவில் உட்கார்ந்து, அவர்கள் பேசுவதைக் கேட்டு, அவர்களிடம் கேள்விகளும் கேட்டார் என்று லூக்கா எழுதியிருக்கிறார். நம் பிள்ளைகளும் அதே வயதுதான். கேட்டால் அதிகப்பிரசங்கி என்கிறோம்.

இனி எழுதுவது கொஞ்சம் கனமான விஷயம். இந்த வயதுப் பிள்ளைகளை நடத்த முன்வருகிறவர்கள் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதால் எழுதுகிறேன். சில வருஷங்களுக்கு முன், வகுப்பு முடிந்து பாய் சுருட்டும்போது ஒரு பிள்ளை, "ஒண்ணு சொல்லணும், யார்கிட்டயும் சொல்லக் கூடாது" என்றது. நான் சரி என்று சொல்லிவிடவில்லை. அந்த ஒரு விஷயத்தில் ஐயரம்மா எனக்கு முன்கூட்டியே சொல்லிக் கொடுத்திருந்தார்கள். "உனக்கு யாராவது கெடுதி செஞ்சிருந்தா நான் சொல்ல வேண்டியவங்ககிட்ட சொல்லத்தான் செய்வேன். ஆனா உன்னை விட்டுட்டுப் போக மாட்டேன்" என்றேன். பிள்ளை கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னது. உறவில் பெரியவர் ஒருவரைப் பற்றி. சபையில் இரண்டு பேர், பேர் கெட்டுப் போகும், வீட்டுக்குள்ளேயே பேசி முடித்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்தப் பிள்ளையின் அம்மாவும் ஐயரம்மாவும் நானும் மகளிர் காவல் நிலையத்துக்குப் போனோம். எந்த ஊர், என்ன ஆனது என்பதை எழுத மாட்டேன். பிள்ளைகளைப் பாலியல் கொடுமையிலிருந்து காக்கிற 2012ஆம் ஆண்டின் போக்சோ சட்டப்படி பதினெட்டு வயதுக்குக் கீழுள்ள பிள்ளைக்கு இப்படி நடந்தது தெரிந்தால் யாராக இருந்தாலும் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும், மறைப்பது குற்றம், ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை உண்டு. உடனே யாரைக் கூப்பிடுவது என்று தெரியாவிட்டால் பிள்ளைகளுக்கான உதவி எண் 1098 இருக்கிறது. அந்த எண்ணை எங்கள் ஹால் சுவரில் பெரிதாக எழுதி வைத்திருக்கிறோம், வசனத்துக்குப் பக்கத்திலேயே.

அதற்குப் பிறகு வகுப்பில் பெரியவர்கள் எப்போதும் இரண்டு பேர். கதவு திறந்தே இருக்கும். எந்தப் பிள்ளையையும் நான் தனியாக எங்கும் கூட்டிப் போவதில்லை. கடையில் வாசிக்க வந்தாலும் தெருவைப் பார்த்த வராந்தாவில்தான். பிள்ளைகளோடு வாட்ஸ்அப் குழு கிடையாது, அம்மா அப்பாமாரோடுதான். இதை எல்லாம் எங்கள் சபை நம்பிக்கையில்லாமல் செய்வதாகச் சிலர் வருத்தப்பட்டார்கள். என்மேல் ஊருக்கு நம்பிக்கை உண்டு. ஆனாலும் எனக்கும் அதே விதிதான்.

மதில்காரப் பையனுக்கு வருகிறேன். மெத்தைக் கேள்விக்குப் பிறகு அவன் வகுப்புக்கு வந்தான், ஆனால் கதவு ஓரத்தில், செருப்பைக் கழற்றாமல் உட்காருவான். 2023 டிசம்பர் 17, ஞாயிறு. கிறிஸ்துமஸுக்கு முன் வீடு வீடாகப் பாடிப் போகிற கீத பவனிக்குப் பிள்ளைகள் பாட்டுப் பழகி வைத்திருந்தார்கள். மழை பிடித்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. கொட்டியது என்று பிறகுதான் தெரிந்தது. தாமிரபரணி ஏறி, ஸ்ரீவைகுண்டத்தில் ரயில் நின்று, ஏரல் துண்டிக்கப்பட்டு, மாவட்டமே தத்தளித்தது. எங்கள் ஊர் மேட்டு மணல் என்பதால் தப்பித்தது. கரண்ட் இல்லை, டவர் இல்லை. கீத பவனியை நிறுத்திவிட்டு, அதற்கென்று வைத்திருந்த பணத்தில் ஹாலில் சோறு பொங்கிப் பொட்டலம் கட்டினோம். டிராக்டர் வந்து எடுத்துக்கொண்டு போனது.

பெரியவர்கள் அடுப்படியிலும், வாலிபர்கள் டிராக்டரிலும் இருந்தார்கள். பொட்டலம் கட்டுவதும் கணக்கும் என் பிள்ளைகள் கையில் விழுந்தது. யாரும் திட்டம் போட்டுக் கொடுக்கவில்லை, வேறு ஆள் இல்லை. இவன் ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்தான். எத்தனை பொட்டலம், எந்தத் தெரு, எந்த வீட்டில் கைக்குழந்தை, யாருக்குச் சுகர் மாத்திரை வேண்டும். அத்தனையும் ஆங்கில எழுத்தில் தமிழாக எழுதியிருந்தான். நாலு நாளும் ஒரு கணக்கும் தப்பவில்லை. இரண்டாம் நாள் ஒரு தாத்தா, "லேய், பாட்டிக்கு மாத்திரை கேட்டேனே, வந்துச்சா?" என்று இவனைத் தேடி வந்து கேட்டார். இவன் எழுந்து நின்று, "நாளைக்குக் காலையில வரும் தாத்தா, எழுதியிருக்கேன்" என்றான். அவன் குரல் அவ்வளவு தெளிவாக வந்து நான் கேட்டதே இல்லை. அந்த நாலு நாளும் அவன் கைப்பேசி எங்கே இருந்தது என்றே எனக்குத் தெரியாது.

அந்த வாரத்துக்குப் பிறகு நான் கமிட்டியில் போய்ப் பேசினேன். எங்கள் சபையில் அசனம், அதாவது ஊர் கூடிச் சாப்பிடுகிற கோயில் விருந்து, பெரிசு. மூட்டை மூட்டையாக அரிசி வேகும், கத்தரிக்காயும் வாழைக்காயும் மலையாகக் குவியும், வெளியூரில் இருக்கிறவர்கள் எல்லாரும் வந்துவிடுவார்கள். அதில் எனக்கும் சந்தோஷம்தான். கோபுரத்துக்கு வர்ணம் பூச நன்கொடைப் பட்டியல் போட்டால் ஒரே மாதத்தில் நிரம்புகிறது. ஆனால் இந்தப் பதினேழு பேருக்கென்று கணக்குப் புத்தகத்தில் ஒரு வரி கிடையாது. பயறும் கருப்பட்டியும் என் வீட்டுச் செலவு. எனக்கு அது பாரமில்லை, நான் இல்லாத வருஷம் யார் செய்வார்கள் என்பதுதான் கவலை. பேசிப் பேசி இப்போது மாதம் 1,000 ரூபாயும் பெரிய எழுத்து வேதாகமம் பத்தும் கிடைத்திருக்கிறது. இரண்டாவது ஆளாக, நர்சிங் முடித்த ஒரு பிள்ளை வருகிறாள். 2012இல் வந்த அந்த நாலு பேரில் ஒருத்தி.

இன்னொன்றும் கேட்டு வாங்கினேன். எங்களில் திடப்படுத்தல் என்று ஒரு சடங்கு உண்டு. பத்துக் கட்டளையும் விசுவாசப்பிரமாணமும் படித்து, பேராயர் தலையில் கை வைத்து ஜெபித்து, அதற்குப் பிறகு பிள்ளை திருவிருந்து எடுக்கலாம். அந்த வெள்ளைக் கவுன்கள் ஊரில் பாதி நான் தைத்தவை. போட்டோ எடுப்பார்கள், பிரியாணி போடுவார்கள், அதற்கு அடுத்த ஞாயிறிலிருந்து பிள்ளையைக் காண முடியாது. பள்ளிக்கூடம் முடித்து டி.சி. வாங்கிக்கொண்டு போனது மாதிரி. இப்போது திடப்படுத்தல் எடுத்த ஒவ்வொரு பிள்ளைக்கும் அடுத்த வாரமே ஒரு வேலை உண்டு. ஆராதனையில் முதல் வேதபாடம் வாசிப்பது, மைக் பெட்டி பார்த்துக்கொள்வது, காணிக்கைப் பை எடுப்பது. போன வருஷம் பதினாலு வயதுப் பெண்பிள்ளை ஒன்று இரண்டாம் மணி அடித்தது. எங்கள் ஊரில் பெண்பிள்ளை மணி அடித்தது அதுதான் முதல் தடவை. கயிறு அவளை ஒரு சாண் மேலே தூக்கிவிட்டது. கோயில் வேலை பார்க்கிற கோயில்குட்டி பதறிப்போய் ஓடி வந்தார். அவள் விடவில்லை. பன்னிரண்டு அடியும் அடித்து முடித்தாள்.

ஐயா, உங்கள் வாசகர் அந்தப் பிள்ளைகளைக் கண்டிக்கச் சொல்கிறார். அவர் கண்ணில் அவர்கள் பட்டதே எனக்குச் சந்தோஷம். எத்தனையோ பேர் பார்க்காமலே செருப்பைப் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுகிறார்கள். ஐத்திகு விழுந்ததும் பவுல் பிரசங்கத்தை நிறுத்திவிட்டு, 'இறங்கிப்போய்' அவனை அணைத்துக்கொண்டார் என்று இருக்கிறது. அதற்கு அப்புறம் மேலே ஏறி விடியும் வரை பேசினாராம். நான் அந்த வசனத்தை எத்தனையோ தடவை வாசித்திருக்கிறேன். மதிலுக்குப் பயறுச் சட்டி தூக்கிக்கொண்டு போன பிறகுதான் 'இறங்கிப்போய்' என்கிற சொல்லில் என் கண் நின்றது.

வருகிற மாதம் இரண்டாம் ஞாயிறு எங்கள் கோயிலில் அதே பகுதியை வாசிக்கிறோம். வாசிப்பது அவன். இப்போது ஒன்பதாம் வகுப்பு. மூன்று வாரமாகச் சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வராந்தா ஸ்டூலில் உட்கார்ந்து பழகுகிறான். 'நித்திரைமயக்கத்தினால்' என்கிற இடத்தில் இன்னும் தடுக்குகிறது. 'மெத்தை' வந்தால் தானாகவே சிரித்துவிடுகிறான், சிரிக்காமல் வாசிக்கப் பழகிக்கொண்டிருக்கிறான். அன்றைக்குப் போட ஒரு வெள்ளைச் சட்டை தைத்துக்கொண்டிருக்கிறேன். போன வருஷத்தைவிடத் தோள் இரண்டு இஞ்சு கூடியிருக்கிறது.

கடிதம் எழுதிய பெரியவர் எங்கள் பக்கத்துக்காரர்தான் என்று ஊர்ப் பேரைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அவர் அன்றைக்கு வர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். முதல் மணி எட்டு மணிக்கு, இரண்டாம் மணி எட்டரைக்கு. ஆராதனை முடிந்ததும் பயறு உண்டு.

இப்படிக்கு,
ஞாயிறு வகுப்பு டீச்சர் ஒருவர்,
சாத்தான்குளம் வட்டாரம், தூத்துக்குடி மாவட்டம்.

(பிள்ளைகளின் நலன் கருதி என் பெயரையும் ஊர்ப் பெயரையும் வெளியிட வேண்டாம். முகவரி தனித்தாளில் இணைத்திருக்கிறேன். அந்தப் பெரியவருக்கு மட்டும் தெரிவித்துவிடுங்கள்.)